வீட்டுக் கடன் கொள்கை ஆய்வாளர் வேலை: பட்டர்வொர்த் தங்கைக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வி இதுதான். பட்டர்வொர்த்தைச் சேர்ந்த ஒரு தங்கை பொருளியல் இறுதியாண்டு படிக்கிறார். வீட்டு நிதி தொடர்பான கொள்கை ஆய்வு வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. அந்த வேலையில் அன்றாடம் என்ன செய்வார்கள், முனைவர் பட்டம் வேண்டுமா, பினாங்கில் இருந்துகொண்டே செய்யலாமா, கோலாலம்பூருக்கு வந்துதான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். வங்கியின் கடன் பிரிவில் வேலை கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள் என்று அப்பா சொல்கிறாராம்.

நான் கோலாலம்பூரில் இதே துறையில் பல வருடமாக இருக்கிறேன். நம் பிள்ளைகளில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் குறைவு. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

வீட்டு விலை ஏறுமா இறங்குமா என்று சொல்வதுதான் இந்த வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் கேள்வி வேறு. ஒரு வீடு 30, 35 வருடக் கடனில் கைமாறுகிறது. இடையில் ஏதாவது தப்பிப் போனால் நட்டம் யார் தலையில் விழும்? வாங்கிய குடும்பத்தின் தலையிலா, வங்கியின் தலையிலா, வீடு கட்டி விற்கும் மேம்பாட்டாளர் தலையிலா, அரசாங்கத்தின் தலையிலா? அரசாங்கம் எந்த வீட்டுத் திட்டத்தை அறிவித்தாலும், மத்திய வங்கியான பேங்க் நெகாரா எந்த விதியை மாற்றினாலும், இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பிரித்துப் பாருங்கள். விஷயம் பிடிபட்டுவிடும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 300,000 ரிங்கிட் கடன், 35 வருடம், வட்டி 3 விழுக்காடு என்று வையுங்கள். மாதத் தவணை ஏறத்தாழ 1,155 ரிங்கிட். அதே கடனுக்கு வட்டி 4.25 விழுக்காடு என்றால் தவணை ஏறத்தாழ 1,374. வித்தியாசம் மாதம் 219 ரிங்கிட். இந்த 1.25 புள்ளியைச் சும்மா எடுக்கவில்லை. 2020 ஜூலையில், பேங்க் நெகாரா நிர்ணயிக்கும் ஓபிஆர் என்கிற அடிப்படை வட்டி 1.75 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2022 மே மாதம் ஏறத் தொடங்கி, 2023 மே மாதத்தில் 3 விழுக்காட்டைத் தொட்டது. அப்புறம் 2025 ஜூலையில்தான் 2.75க்கு வந்தது. நம் நாட்டில் வங்கிகள் தரும் வீட்டுக் கடன் பெரும்பாலும் மிதக்கும் வட்டியில் இருக்கிறது. 2022 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து புதிய கடன்களுக்கு ஒரே தரப்படுத்தப்பட்ட அடிப்படை விகிதம். அது ஓபிஆரோடு நேராகக் கட்டப்பட்டது. ஓபிஆர் கால் புள்ளி ஏறினால் கடனும் கால் புள்ளி ஏறும். ஆக, வட்டி ஏறுகிற அபாயம் முழுவதும் குடும்பத்தின் தலையில். அந்த 219 ரிங்கிட், பிள்ளையின் டியூஷன் காசாக இருக்கலாம், மோட்டார் தவணையாக இருக்கலாம்.

இதே அடுக்குமாடியில் பக்கத்து வீட்டில் ஓர் ஆசிரியை இருக்கிறார் என்று வையுங்கள். அவர் அரசு ஊழியர். பொதுத்துறை வீட்டு நிதி வாரியமான எல்பிபிஎஸ்ஏவில் 4 விழுக்காடு நிலையான வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார். ஓபிஆர் எங்கே போனாலும் அவர் தவணை அசையாது. அந்த அபாயத்தை அரசாங்கம் தாங்குகிறது. ஒரே மாடி, ஒரே அளவு வீடு, ஒரே விலை; ஆனால் இரண்டு குடும்பத்துக்கும் இரவு தூக்கம் வேறு வேறு. இது நியாயமா, நிலையான வட்டியைத் தனியார் ஊழியருக்கும் கொடுக்க முடியுமா, கொடுத்தால் வங்கி அந்தப் பணத்தை எங்கிருந்து திரட்டும் என்று மூன்று கேள்விகளை அடுத்தடுத்து கேட்டு, மூன்றாவதற்கும் எண்ணோடு பதில் எழுதத் தெரிந்தவர்தான் வீட்டு நிதி ஆய்வாளர்.

மூன்றாவது கேள்வியில்தான் பொதுப் பொருளியல் படித்தவர்கள் தடுமாறுகிறார்கள். வங்கி நம்மிடம் வாங்கும் வைப்புத்தொகை குறுகிய காலத்துக்கானது. கொடுக்கும் வீட்டுக் கடன் 30 வருடத்துக்கானது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் 1986 டிசம்பரில் சாகாமாஸ் என்கிற தேசிய அடமானக் கழகத்தைத் தொடங்கினார்கள். வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை அது வாங்கிக்கொள்ளும். அதற்கான பணத்தைப் பத்திரமும், சுக்குக் என்கிற இஸ்லாமியப் பத்திரமும் வெளியிட்டுச் சந்தையில் திரட்டும். கடனை வாங்கும்போது இரண்டு முறை உண்டு. ஒன்றில், கடனாளி கட்டாமல் போனால் வங்கியே பொறுப்பு. இன்னொன்றில் அந்த அபாயமும் சாகாமாஸுக்குப் போய்விடும். 2004ல் அரசு ஊழியர்களின் வீட்டுக் கடன்களை அடித்தளமாக வைத்து அடமானப் பத்திரம் வெளியிட்டார்கள். 2005ல் இஸ்லாமிய முறையில் அதே மாதிரி வெளியிட்டது உலகிலேயே முதல் முறை. இதையெல்லாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்ய வேண்டாம். சாகாமாஸ் ஆண்டறிக்கை ஒன்றை எடுத்து, இருப்புநிலைக் குறிப்பை வரி வரியாகப் படியுங்கள். எந்த அபாயம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். அந்த ஒரு பயிற்சி, ஒரு செமஸ்டர் பாடத்துக்குச் சமம்.

சரி, அன்றாட வேலை எப்படி இருக்கும்? பழைய முடிவுகள் இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டால் புரியும்.

2010 நவம்பரில் மூன்றாவது வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 70 விழுக்காடுதான் தரலாம் என்று பேங்க் நெகாரா வரம்பு போட்டது. 2013 ஜூலையில் வீட்டுக் கடனின் அதிகபட்சக் காலம் 35 வருடம் என்று ஆக்கியது. அதற்கு முன்பு 45 வருடம் வரைகூட கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2014 பட்ஜெட்டில், கட்டுமானக் காலத்தின் வட்டியை மேம்பாட்டாளரே கட்டும் திட்டத்தைத் தடை செய்தார்கள்.

மூன்றாவதைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்ப்போம். இங்கே புது வீடு என்றால் பெரும்பாலும் கட்டுவதற்கு முன்பே விற்பனை. கட்டக் கட்ட வங்கி மேம்பாட்டாளருக்குப் பணத்தைப் பகுதி பகுதியாக விடுவிக்கும். விடுவித்த தொகைக்கு வாங்கியவர் வட்டி கட்ட வேண்டும், வீட்டு வாடகையும் கொடுத்துக்கொண்டு. அந்த வட்டியை மேம்பாட்டாளர் ஏற்றுக்கொள்கிறார் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கையிலிருந்து கொடுப்பதில்லை; விலையில் ஏற்றிவிடுகிறார். ஏற்றிய விலைக்கு வங்கி கடன் தருகிறது. ஆகவே வாங்கியவர் அந்த வட்டிக்கும் சேர்த்து 35 வருடம் வட்டி கட்டுகிறார். சாவி கையில் வரும் வரை செலவே இல்லை என்பதால், வாங்கி உடனே விற்று லாபம் பார்க்கிறவர்களும் கூட்டமாக உள்ளே வந்தார்கள். ஆய்வாளர் இதை வெளியே கொண்டுவர வேண்டுமென்றால், திட்டம் இருந்த வீடுகளின் விலையையும் இல்லாத வீடுகளின் விலையையும் ஒரே வட்டாரத்தில் ஒப்பிட வேண்டும். ஒருவரே எத்தனை கடன் எடுத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். சாவி கொடுத்த பிறகு தவணை தவறுகிற விகிதம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் அமைச்சர் படிக்கக்கூடிய இரண்டு பக்கமாக அதைச் சுருக்க வேண்டும். பல வாரத்து வேலை இரண்டு பக்கத்தில் முடியும். அந்த இரண்டு பக்கம் எழுதுவதுதான் உண்மையான திறமை.

கடன் காலத்தை நீட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த யோசனை திரும்பத் திரும்ப வரும். 300,000 ரிங்கிட்டை 4 விழுக்காட்டில் 30 வருடம் கட்டினால் மாதம் 1,432 ரிங்கிட். 35 வருடம் என்றால் 1,328. மாதம் 104 ரிங்கிட் மிச்சம். மொத்த வட்டியில் ஏறத்தாழ 42,000 ரிங்கிட் அதிகம். இது குடும்பத்துக்கு உதவியா? இன்று வீடு வாங்க முடியாதவர் வாங்க முடிகிறது, அது உண்மை. ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காலத்தை நீட்டினால், எல்லோருடைய வாங்கும் சக்தியும் ஒரே நேரத்தில் ஏறுகிறது. வீடுகளின் எண்ணிக்கை ஏறவில்லை. அப்போது விலைதான் ஏறும். இந்தத் துறையில் பாதிச் சண்டை இதைப் பற்றித்தான், நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்க விரும்பவில்லை: வீடு கிடைக்காத இடத்தில் கடனை எளிதாக்குவது, வாங்குபவருக்குக் கொடுத்த மாதிரி கொடுத்து விற்பவரிடம் போய்ச் சேர்வது.

அடுத்து, புள்ளிவிவரம். இங்கேதான் நல்ல ஆய்வாளரும் சாதாரண ஆய்வாளரும் பிரிகிறார்கள்.

வீட்டு விலை, குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல மூன்று மடங்குக்குள் இருந்தால் கட்டுப்படியாகும் என்று ஓர் அளவுகோல் உண்டு. நடுநிலை (மீடியன்) விலையை நடுநிலை வருமானத்தால் வகுக்க வேண்டும். கசானா ஆய்வுக் கழகம் 2015ல் இந்த அளவுகோலை மலேசியாவுக்குப் பொருத்திப் பார்த்து எழுதிய பிறகு, எல்லோர் வாயிலும் இது புழங்கத் தொடங்கியது. புள்ளிவிவரத் துறையின் 2022 கணக்கெடுப்பில் கோலாலம்பூரின் நடுநிலைக் குடும்ப வருமானம் மாதம் 10,234 ரிங்கிட். பினாங்கில் 6,502. நாடு முழுவதற்கும் 6,338. பன்னிரண்டால் பெருக்கி மூன்றால் பெருக்கினால், கோலாலம்பூரில் கட்டுப்படியாகும் விலை ஏறத்தாழ 368,000 ரிங்கிட், பினாங்கில் 234,000.

இந்த 368,000த்தைப் பார்த்து, கோலாலம்பூரில் 300,000 ரிங்கிட் வீடு எல்லோருக்கும் எட்டும் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ரெசிடென்சி விலாயா என்கிற மலிவு விலை வீட்டுத் திட்டத்தின் விலை வரம்பே 300,000தானே, பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். செந்தூலில் மாதம் 4,000 ரிங்கிட் வருமானத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அதே அளவுகோல் 144,000 ரிங்கிட்டில் நின்றுவிடுகிறது. நடுநிலை என்பது நடுவில் நிற்கிறவரைப் பற்றி மட்டும்தான் சொல்லும். அவருக்குக் கீழே பாதி நகரம் இருக்கிறது. அத்தோடு, மூன்று மடங்கு என்கிற அளவுகோலுக்கு வட்டி விகிதமே தெரியாது. அதனால்தான் பேங்க் நெகாரா வேறு வழியில் கணக்கு போட்டது: வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுச் செலவு போகக் கூடாது என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், 2016ல் எட்டக்கூடிய அதிகபட்ச விலை 282,000 ரிங்கிட். அந்த ஆண்டு உண்மையான நடுநிலை விலை 313,000. இரண்டு அளவுகோலையும் போட்டுப் பார்த்து, ஏன் வேறுபடுகிறது என்று ஒரு பத்தி எழுதத் தெரிந்தால் உங்களை எந்த நேர்முகத்திலும் கவனிப்பார்கள்.

இன்னொரு பொறி, விற்காமல் தேங்கிய வீடுகள். நாபிக் என்கிற தேசியச் சொத்துத் தகவல் மையம் இதைக் காலாண்டுக்கு ஒரு முறை வெளியிடுகிறது. கட்டி முடித்துத் தகுதிச் சான்றிதழ் பெற்று, விற்பனைக்கு வந்து ஒன்பது மாதம் தாண்டியும் விற்காததுதான் இந்தக் கணக்கில் வரும். இன்னும் கட்டிக்கொண்டிருப்பது வராது. சர்வீஸ் அபார்ட்மென்ட் வணிக நிலப் பிரிவில் தனியாக நிற்கும். கோலாலம்பூரில் புதிதாக எழும்பும் கோபுரங்களில் எத்தனை சர்வீஸ் அபார்ட்மென்ட் என்று சுற்றிப் பார்த்தாலே தெரியும். அவற்றைச் சேர்க்காமல் குடியிருப்பு எண்ணை மட்டும் எடுத்து எழுதினால், நகரத்தின் கதையில் பெரிய துண்டு விடுபட்டுப் போகும். அட்டவணையின் அடிக்குறிப்பை முதலில் படிக்கிற பழக்கத்தை இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

எண்கள் மேசையில் கிடைக்கும். வருமானம் எப்படி வருகிறது என்பது மேசையில் கிடைக்காது. ஒரு முறை செந்தூல் அடுக்குமாடி ஒன்றில் ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினேன். கணவர் லாரி ஓட்டுகிறார். அடிப்படைச் சம்பளம் சம்பளச் சீட்டில் இருக்கிறது. நடைக்கு நடை கிடைக்கும் படிக்காசு ரொக்கமாக வருகிறது, சீட்டில் இல்லை. அவர் மனைவி, அந்த அக்கா, காலையில் நாசி லெமாக் கட்டி விற்கிறார், கோயில் திருவிழா, கல்யாணம் என்றால் பலகாரத்துக்கு ஆர்டர் எடுக்கிறார். நீலப் பேனாவில் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். தினமும் எவ்வளவு விற்றது, தேங்காய்க்கு எவ்வளவு, எரிவாயுத் தோம்புக்கு எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கிறது. தைப்பூச வாரமும் தீபாவளிக்கு முந்தைய மாதமும் சிவப்பு மையில். மழைக் காலத்தில் நாள் கூலி குறைந்த வாரங்களைக்கூட குறித்து வைத்திருந்தார். வாடகை ஒரு மாதம்கூட தவறியதில்லை. ஆனால் வங்கி கேட்பது வங்கிக் கணக்கு அறிக்கையும், இபிஎப் என்கிற ஊழியர் சேமநிதி அறிக்கையும். வரும் காசை அன்றைக்கே சரக்குக்குப் போடுகிறவர் கணக்கில் என்ன இருக்கும்? எங்கள் கணக்கெடுப்புப் படிவத்திலும் ‘மாத வருமானம்’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அந்தச் சந்திப்புக்குப் பிறகு அதை வாரக் கணக்காகப் பிரித்தோம். ரொக்கம், கணக்கில் வருவது என்று இரண்டு கட்டம் வைத்தோம்.

இப்படி நிலையான வருமானம் இல்லாதவர்களுக்காகத்தான் 2008ல் எஸ்ஜேகேபி என்கிற வீட்டுக் கடன் உத்தரவாத நிறுவனம் வந்தது. 2024 பட்ஜெட்டில் 40,000 பேரை மனதில் வைத்து 10 பில்லியன் ரிங்கிட் வரை உத்தரவாதம் அறிவித்தார்கள். 2011ல் வந்த ‘என் முதல் வீடு’ திட்டமும் இதே வகைதான். அதில் கடைசி 10 விழுக்காட்டுக்கு சாகாமாஸின் துணை நிறுவனம் உத்தரவாதம் தருவதால், முன்பணம் இல்லாமல் 100 விழுக்காடு கடன் கிடைக்கும். நல்ல திட்டங்கள்தான். அந்த நோட்டுப் புத்தக அக்காவுக்குக் கதவைத் திறக்கக்கூடியவை. ஆனால் மேலே சொன்ன கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். கடன் முறிந்தால் உத்தரவாதப் பணம் யாருக்குப் போகிறது? வங்கிக்கு. வீட்டை இழந்த குடும்பத்துக்குப் போவதில்லை. முன்பணம் போடாதவருக்கு வீட்டில் சொந்தப் பங்கு ஆரம்பத்தில் ஒன்றுமில்லை. விலை கொஞ்சம் இறங்கினாலே வீட்டை விற்றாலும் கடன் தீராது. ஆகவே உத்தரவாதத்தோடு சேர்த்து, வேலை போனால் ஆறு மாதம் தவணையைத் தாங்கும் ஏதாவது ஓர் ஏற்பாடு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த வாதத்தை நீங்கள் ஏற்காமல் போகலாம். எண்ணோடு மறுத்து எழுதுங்கள், சந்தோஷமாகப் படிப்பேன்.

இபிஎப் மாற்றத்தையும் இந்தக் கண்ணால் பாருங்கள். முன்பு சந்தாவில் 30 விழுக்காடு இரண்டாம் கணக்குக்குப் போகும், வீட்டுக்கு எடுப்பது அதிலிருந்து. 2024 மே மாதத்திலிருந்து ஓய்வுக்கு 75, வீட்டுக்கு எடுக்கக்கூடிய செஜாத்தெரா கணக்குக்கு 15, எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் கணக்குக்கு 10. வீட்டுக்கென்று சேரும் பங்கு பாதியாகிவிட்டது. இளையவர்களின் முன்பணச் சேமிப்பு இதனால் எத்தனை வருடம் தள்ளிப் போகும்? சம்பளம், சம்பள உயர்வு, விலை என்று மூன்று எண்ணை வைத்து எக்செலில் ஒரு மாலையில் போடக்கூடிய கணக்கு. போட்டுப் பாருங்கள்.

நம்மவர்களுக்கு இந்தத் துறை அந்நியமானது என்று நினைக்காதீர்கள். 1960ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கு வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் வீடு தோட்டத்துடையது. தொழிலாளர்களின் பங்குப் பணத்தைச் சேர்த்து அந்தத் தோட்டங்களையே வாங்குவது என்பது, அபாயத்தை யார் தாங்குவது, சொத்து யார் பெயரில் இருப்பது என்கிற கேள்விக்கு நம் மக்கள் கொடுத்த பதில். அதே கேள்வி இன்று தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த பிள்ளைகளின் அடுக்குமாடித் தவணையில் நிற்கிறது. தோட்டத்து வீட்டுரிமை, மாதம் 124 ரிங்கிட் வாடகையில் ஓடும் பிபிஆர் என்கிற அரசாங்க அடுக்குமாடி வீடுகள், அவற்றின் அடுத்த தலைமுறை எங்கே போவது என்பது பற்றித் தமிழில் கேட்டு, மலாயில் எழுதி, ஆங்கிலத்தில் வாதிடக்கூடிய ஆய்வாளர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். உங்கள் தமிழ் இந்த வேலையில் ஒரு கருவி. அதைச் சுயவிவரத்தில் கடைசி வரியில் ஒளித்து வைக்க வேண்டாம்.

எங்கே வேலை? பேங்க் நெகாரா, புத்ராஜெயாவில் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு, நிதியமைச்சு, பொருளாதார அமைச்சு, கோலாலம்பூரில் சாகாமாஸ், கசானா ஆய்வுக் கழகம், ஐசிஸ் மலேசியா என்கிற ஆய்வு நிறுவனம், பெரிய வங்கிகளின் பொருளியல் பிரிவு, 2016லிருந்து இங்கே இயங்கும் உலக வங்கி அலுவலகம். ஜோர்ஜ்டவுனில் பினாங்கு இன்ஸ்டிடியூட். வித்தியாசம் சம்பளத்தில் மட்டுமில்லை. மத்திய வங்கியில் உங்கள் கைக்கு வரும் தரவு வேறெங்கும் கிடைக்காது. ஆனால் எழுதியதில் பெரும்பகுதி உங்கள் பெயரில் வெளியே வராது. ஆய்வுக் கழகத்தில் பெயர் வரும், விவாதம் வரும்; தரவுக்கு மற்றவர்களிடம் கெஞ்ச வேண்டும். அமைச்சில் முடிவு எடுக்கும் அறைக்குள் உட்காரலாம். நீங்கள் எழுதியதற்கு நேர்மாறாக முடிவு வருவதையும் அதே அறையில் உட்கார்ந்து பார்க்கலாம். எது உங்களுக்கு ஒத்துவரும் என்பது உங்கள் சுபாவத்தைப் பொறுத்தது. முதலீட்டு வங்கியில் சேர்ந்த வகுப்புத் தோழி உங்களைவிட அதிகம் சம்பாதிப்பார். அதைத் தெரிந்தே வாருங்கள்.

முனைவர் பட்டம் தேவையில்லை. முதுகலை உதவும், அதையும் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்த பிறகு படித்தால் என்ன படிக்க வேண்டும் என்று தெரிந்து படிப்பீர்கள். பொருளளவையியல் (எகனாமெட்ரிக்ஸ்) அடிப்படை வேண்டும். பத்திரக் கணிதம் கட்டாயம் வேண்டும். வட்டி ஏறினால் பத்திரத்தின் விலை ஏன் இறங்குகிறது, கடனாளி முன்கூட்டியே கடனை அடைத்தால் பத்திரம் வைத்திருப்பவருக்கு என்ன ஆகும் என்பது விரல் நுனியில் இருக்க வேண்டும். மென்பொருள் எதுவானாலும் சரி, ஸ்டேட்டா, ஆர், பைத்தான். பொருளியல் மாணவர்கள் விட்டுவிடுவது சட்டம். 1966 வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தையும் அதன் கீழ் வரும் விற்பனை ஒப்பந்தப் படிவத்தையும் ஒரு முறை முழுதாகப் படியுங்கள். எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் விடுவிக்கப்படும் என்று அதில்தான் இருக்கிறது. திட்டம் பாதியில் கைவிடப்பட்டால் வீடு இல்லாமலே கடன் கட்டுகிற குடும்பங்களின் கதை முழுவதும் அந்த அட்டவணையிலிருந்து தொடங்குகிறது. அப்புறம் மலாய். அமைச்சுக்குப் போகும் குறிப்பு மலாயில்தான் போகும். பேச்சு மலாய் போதாது.

பினாங்கைப் பற்றி. அங்கிருந்தே தொடங்கலாம், தொடங்குவது நல்லது என்றுகூட சொல்வேன். 1948க்கு முன்பு கட்டிய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு, 1997ல் நிறைவேறிய சட்டத்தால் 1999 இறுதியோடு முடிந்தது. ஜோர்ஜ்டவுனின் கடைவீடுகளில் தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்தவர்கள் வெளியேற வேண்டி வந்தது. 2008ல் உலகப் பாரம்பரியத் தகுதி வந்த பிறகு அந்தக் கட்டடங்களின் விலையே வேறு. வீடமைப்புக் கொள்கை என்றால் கடன் மட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஊர் நல்ல பாடம்: ஒரு சட்டம் போனதும் அபாயம் முழுவதும் வாடகைதாரர் பக்கம் சாய்ந்தது. இங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் (யுஎஸ்எம்) வீடமைப்பு, கட்டடம், திட்டமிடலுக்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது. அதன் நூலகத்தில் பழைய ஆய்வேடுகளைத் தேடுங்கள். ஆனால் வட்டி, வங்கி, பத்திரம் என்கிற பக்கம் வேலை செய்ய ஆசையென்றால் எப்படியும் சில வருடம் கோலாலம்பூருக்கு வர வேண்டியிருக்கும். அந்த அலுவலகங்கள் எல்லாம் கோலாலம்பூர்ப் பக்கம்தான்.

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வங்கியின் கடன் பிரிவு நல்ல பள்ளிக்கூடம். எந்த விண்ணப்பம் எந்த வரியில் விழுகிறது, வருமானத்தில் எதைச் சேர்க்கிறார்கள், எதைக் கழிக்கிறார்கள், விலை மதிப்பீடு விற்பனை விலைக்குக் கீழே வந்தால் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் அங்கே உட்கார்ந்து பார்த்தவருக்கும், அறிக்கையில் படித்தவருக்கும் வித்தியாசம் தெரியும். இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வாருங்கள். அதற்கு மேல் இருந்தால் சம்பளமும் போனஸும் கட்டிப் போட்டுவிடும், கிளம்புவது கஷ்டம்.

வேலை கிடைக்கும் வரை காத்திருக்காமல் இந்த விடுமுறையில் ஒன்று செய்யுங்கள். செபராங் பிறையை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிவிவரத் துறையின் ஓபன்டோசம் தளத்தில் மாவட்ட அளவு வருமானம் இலவசமாகக் கிடைக்கும். நாபிக் அறிக்கையிலிருந்து விலை. மூன்று மடங்கு அளவுகோல், 30 விழுக்காடு அளவுகோல் இரண்டையும் போடுங்கள். ஓபிஆர் ஒரு புள்ளி ஏறினால் எத்தனை ரிங்கிட் வித்தியாசம் என்று ஒரு வரி. உங்கள் பக்கத்துப் பிளாட்டில் மூன்று நான்கு குடும்பத்தோடு பேசி, பெயர் போடாமல், அவர்கள் வருமானம் எப்படி வருகிறது என்று ஒரு பத்தி. கடைசியில் ஒரே ஒரு பரிந்துரை, அதனால் அபாயம் யாரிடமிருந்து யாருக்கு மாறுகிறது என்பதோடு. மொத்தம் இரண்டு பக்கம், மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. ஒவ்வோர் எண்ணும் எந்த ஆண்டுக்குரியது என்று போட மறக்காதீர்கள். பயிற்சி வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கடிதத்தோடு அதை இணைத்து அனுப்புங்கள். நேர்முகத்தில் பெரும்பாலும் அதிலிருந்துதான் கேள்வி வரும், அதனால் கணக்குத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள்.